பூசைக்குப் பின், காப்பிக்கு முன்

அக்கா,

இன்று காலை என் பேத்தி மலர் சமையல்கட்டுக்குள் வந்து மேல்தட்டில் கையை விட்டாள். காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நான் தோசை திருப்புகிற நேரம் பார்த்து எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள். அவள் நர்ஸ் என்றால் நான் அந்த நர்ஸுக்கு ஆயா.

"இன்னாடி எடுக்குற?"

"சுரைக்கா, ஆயா. வார்டுக்கு வேணும்."

"அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரியில ஒரு சுரைக்கா இல்லியா?"

"இருக்குது. அதெல்லாம் நோயாளிங்க வாய் வெச்சு இழுக்குறதுக்கு. நான் நின்னு செஞ்சு காட்டப் பழசு ஒண்ணு வேணும். இது சும்மாதான கிடக்குது?"

சும்மா கிடக்கிறதாம். அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "சாயங்காலம் வா, யோசிச்சு சொல்றேன்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு கதிர்காமம் பக்கம் டியூட்டிக்குப் போய்விட்டாள். அதற்குள் தோசை ஒரு பக்கம் கருகிவிட்டது. நானே தின்றேன்.

சுரைக்காய் என்று பெயர் வைத்தது நீதான். டாக்டர் அதை ஸ்பேசர் என்றார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் இரண்டு பாதி; சேர்த்து மாட்டினால் நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கி, காய்த்துத் தொங்கும் சுரைக்காய் போலவே இருக்கும். ஒரு முனையில் மருந்துப் பம்பைச் சொருகி அழுத்த வேண்டும், மறுமுனையை வாயில் வைத்து இழுக்க வேண்டும். இப்போது அதைப் பிரித்து மோந்து பார்த்தேன். உன் மருந்து வாசனை துளிகூட இல்லை. முழுக்க என் காப்பித்தூள் வாசனை. நீ இருந்தால், "பாத்தியா, எனக்கு மருந்தே உன் காப்பிதான்டி" என்று சொல்லியிருப்பாய்.

அதை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கொடுப்பதா வேண்டாமா என்று உன்னிடம் கேட்காமல் எப்படிக் கொடுப்பது?

உன் முகம் தெரியாதவர்களுக்குக்கூட இந்த ஊரில் உன் குரல் தெரியும். டெலிபோன் ஆபீஸில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவள் நீ. "நம்பர் சொல்லுங்க" என்று நீ கேட்கிற அழகை இன்னொரு தரம் கேட்பதற்காகவே தப்பு நம்பர் சொன்னவர்கள் உண்டு என்று பெருமை அடித்துக்கொள்வாய். நான் நம்பினேன். அந்தக் குரலோடு நீ சாரம் பகுதியில் எங்கள் எதிர் வீட்டுக்குக் குடிவந்தபோது, தெருவுக்கே ரேடியோ வைத்த மாதிரி இருந்தது. காய்கறிக்காரனைக் கூப்பிடுவதைக்கூட நீ பாட்டாகத்தான் கூப்பிடுவாய். பேச்சுக்கு நடுவே உங்கள் அப்பா காலத்துப் பிரெஞ்சு இரண்டு வார்த்தை வந்து விழும். அதனால்தான் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நீ மதாம் ஆயா ஆனாய். எனக்கு மட்டும் அக்கா.

விடியும் முன்பே மாதா கோயில் மணி அடிக்கும். முக்காட்டைச் சரி செய்துகொண்டு பூசைக்குக் கிளம்பிவிடுவாய். திரும்பி வரும்போது உன் வீட்டுப் பூட்டைத் திறக்க மாட்டாய். நேரே என் வீட்டு வாசலுக்கு வருவாய். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை நீங்கள் நன்மை என்பீர்கள். அந்த நன்மை வாங்கும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்பது உன் சட்டம். சின்ன வயதில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக் கொடுத்தது.

"ஆண்டவர் வந்து உக்கார்ற நாக்குடி இது. அவருக்கு முன்னாடி உன் காப்பி வந்து உக்காரலாமா?" என்று கேட்பாய்.

அவர் வந்து உட்கார்ந்தாயிற்று என்றால் அடுத்து உட்காருவது என் காப்பிதான். அந்த இரண்டாம் இடத்தில் எனக்கு இருந்த பெருமை உனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் பதினைந்து எங்களுக்கெல்லாம் கொடி ஏற்றி மிட்டாய் கொடுக்கிற நாள். உனக்கு அதோடு மாதா திருநாளும். அன்றைய பூசையில் ஒரு பழைய பிரெஞ்சுப் பாட்டைத் தனியாக எழுந்து நின்று பாடுவாய். வெள்ளைக் கவுன் போட்ட சின்னப் பிள்ளையாக முதல் தடவை நின்றதிலிருந்து அது உன் பாட்டு. உனக்காகவே நானும் வந்து கடைசி பெஞ்சில் பூவும் பொட்டுமாக உட்காருவேன். ஒரு வார்த்தை புரியாது. ஆனால் நடுவில் ஓர் இடம் வரும். குரல் ஏறி ஏறி மேலே போய், இறங்க மனமில்லாமல் அங்கேயே நிற்கும். கோயில் புறாகூட அசையாது. எனக்குக் கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்கும்.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

மூச்சு இழுப்பு உனக்கு வேலையை விட்ட பிறகு வந்தது. டாக்டர் இரண்டு பம்பு கொடுத்தார். ஒன்று நீலம், மூச்சு முட்டும்போது மட்டும். இன்னொன்று செங்கல் நிறம், முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் இரவும். நீ ஒழுங்காகத்தான் போட்டாய். உன்னைப்போல் மணி பார்த்து வேலை செய்பவள் யார்? ஆனால் சில மாதத்தில் உன் குரல் கம்ம ஆரம்பித்தது. நாக்கில் மாவு தடவிய மாதிரி வெள்ளை படிந்தது. காப்பி எரிகிறது என்றாய். காய்கறிக்காரன் ஒருநாள், "மதாம் ஊட்டுல ஆம்பளை யாராவது வந்துக்குறாங்களா? யாரோ கூப்ட்டாங்களே" என்று கேட்டான்.

"இந்தப் பம்பு என் தொண்டையத் தின்னுடுச்சு" என்று சொல்லி செங்கல் நிறத்தைத் தூக்கி அலமாரியில் போட்டுவிட்டாய். நீலத்தை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். முதலில் எப்போதோ ஒரு தரம் எடுத்தாய். பிறகு படி ஏறினால் எடுத்தாய். பிறகு கோயிலுக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே நின்று எடுத்தாய். எடுத்ததும் உன் விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், காப்பி தம்ளர் தாளம் போடும். ஆனி மாதம் பிறந்தபோது உன்னால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பாட்டுக்குழு வாத்தியார் வந்தார். நல்ல மனிதர்தான். கையைப் பிசைந்துகொண்டு, "மதாம், இந்த வருஷம் நீங்க முன்னாடி உக்காந்து கேளுங்களேன். வேற யாராவது பாடட்டும்" என்றார்.

"யாரு?"

"இன்னும் முடிவு பண்ணல. மைக் இருக்குது, யார் பாடுனாலும் சமாளிச்சுடலாம்."

அவர் போன பிறகு நீ என்னிடம் சொன்னாய்: "செத்துட்டா அது வேற கதைடி. உசுரோட உக்காந்து என் பாட்ட இன்னொருத்தி மைக்ல சமாளிக்குறத எப்படிக் கேப்பேன்?" சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மலர் அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். மருந்துப் பாடம் அவளுக்கு வேப்பங்காய். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். காலேஜ் விட்டு வந்ததும் என் எதிரில் உட்கார்ந்து, அன்றைய பாடத்தைத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டால் பரீட்சையில் எழுத வந்துவிடும் என்பது அவள் கணக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் இப்படித்தான் காலேஜுக்குப் போனேன், அக்கா. இதயம், சிறுநீரகம் எல்லாம் முடித்து அந்த வாரம் நுரையீரலுக்கு வந்திருந்தோம். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மூச்சுக்குழாயச் சுத்தி சின்னச் சின்னத் தசை இருக்குது ஆயா. இழுப்பு வந்தா அது இறுக்கிப் புடிச்சுக்கும். பாவாடை நாடாவ இழுத்துக் கட்டுன மாதிரி. நீல பம்பு அந்த நாடாவ அவுத்து உட்டுடும். சட்டுனு."

"அப்ப அந்தச் செங்கல் கலரு?"

"குழாயோட உள்பக்கம் வீங்கிக் கிடக்கும், கொசு கடிச்ச தோலு மாதிரி. அந்த வீக்கத்த அது வத்த வெக்கும். ஆனா மெதுவா. இன்னிக்குப் போட்டா இன்னிக்குத் தெரியாது. நல்லா இருக்குற நாள்லயும் விடாம போடணும்."

"நாடாவ மட்டும் அவுத்து அவுத்து உட்டுட்டு, வீக்கத்தக் கண்டுக்காம இருந்தா?"

"மறுபடி மறுபடி இறுக்கும். நீலத்த எடுக்குற தடவை ஏறிக்கிட்டே போச்சுன்னா நோய் கைமீறுதுன்னு அர்த்தம்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆயா, நாம மதாம் ஆயாவத்தான் படிச்சுக்கிட்டு இருக்கோம்."

இரண்டு பேரும் உன் வீட்டுப் பக்கம் பார்த்தோம். உன் ஜன்னலில் இருமல் சத்தம் கேட்டது.

அவள் மெதுவாக அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். "கடைசியா நோயாளிக்குச் சொல்ல வேண்டியது. செங்கல் கலரு பம்ப இழுத்து முடிச்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும். இல்லாட்டி மருந்து தொண்டையில ஒட்டிக்கும். நாக்குல வெள்ளை படியும், குரல் கட்டிக்கும்."

"கொப்பளிச்சாளே. நம்ம ஊட்டுப் பின்னாடிதான் தினம் கொப்பளிப்பா. அதுக்கப்புறம்தான் காப்பி."

"அது சரி ஆயா, இழுத்தது எப்ப?"

"பூசைக்குப் போறதுக்கு முன்னாடி. இருட்டுலயே."

சொல்லி முடிப்பதற்குள் என் கையில் இருந்த கீரைக் கொத்து முறத்தில் விழுந்துவிட்டது. மலர் வாயைப் பொத்திக்கொண்டாள். விடியும் முன்பே மருந்தை இழுத்து, நன்மைக்கு முன் தண்ணீர் படக் கூடாது என்று அதைத் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, நடந்து போய், ஜெபம் சொல்லி, பூசை முழுக்கப் பாட்டும் பாடி, வெயில் ஏறிய பிறகு என் வீட்டுக்கு வந்து கொப்பளித்திருக்கிறாய். தினமும்.

கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தோம். நீ நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாய்.

"அக்கா, டாக்டரு கொப்பளிக்குறீங்களான்னு கேட்டாரா இல்லியா?"

"கேட்டாரு. ஆமான்னேன்."

"ஆமான்னியா?"

"பொய்யா சொன்னேன்? தினமும் கொப்பளிச்சேன்ல, உன் ஊட்டுத் தண்ணியத்தான!"

மலர் உன் காலடியில் உட்கார்ந்து பொறுமையாக எல்லாம் சொன்னாள். குரலைத் தின்றது மருந்து இல்லை, மருந்து தொண்டையில் தங்கிய நேரம்தான் என்றாள். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கடைசியில் அவள், "அதனால இழுத்த உடனே ஒரு வாய் தண்ணி…" என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டாய்.

"நன்மைக்கு முன்னாடி தண்ணியா? மோன் தியூ, என் ஆண்டவரே!"

"முழுங்க வாணாம் மதாம் ஆயா, துப்பிடலாம்."

"பல்லுல படுமா படாதா?"

"படும்."

"அப்ப முடியாது, மா பெத்தீத்." என் சின்னக் குட்டி என்று அவளைக் கொஞ்சுகிற அதே வாயால் கதவைச் சாத்திவிட்டாய்.

நான் விடவில்லை. அன்று மாலையே உன்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கிறிஸ்தவப் பெண்ணைச் சாமியாரிடம் இழுத்துப்போன அம்மன் பக்தை இந்தத் தெருவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புதிதாக வந்த இளம் சாமியார் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அம்மா, தண்ணியும் மருந்தும் நன்மைக்குத் தடையே இல்ல. அந்தச் சட்டத்த எப்பவோ மாத்திட்டாங்க."

"மாத்துனாங்கன்னு எனக்கும் தெரியும் சாமி. என்னைக் கேட்டா மாத்துனாங்க?"

அவர் மறுபடியும் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் நீ வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாய். பிறகு, கிண்டல் எல்லாம் விட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாய். "அவரு சொல்றது சரியா இருக்கும்டி. ஆனா எங்கம்மா சாவக் கிடந்தப்பகூட நன்மை வர்ற வரைக்கும் உதட்ட நனைக்க உடல. நான் ஒரு பாட்டுக்காக நனைக்கணுமா?"

அதற்கு மேல் உன்னை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. பாட்டும் வேண்டும், அம்மாவும் வேண்டும் உனக்கு. இரண்டில் ஒன்றை விடு என்று சொல்ல நான் யார்?

கூட வந்த மலர்தான் தெருமுனையில் சட்டென்று நின்றாள். "ஆயா, பூசைய ஏன் மாத்தணும்? மருந்த மாத்துவோம். பூசைக்கு முன்னாடி இழுக்கணும்னு எந்தப் புத்தகத்துல இருக்குது? தினமும் ஒரே நேரமா இருந்தா சரிதான? பூசை முடிஞ்சு வந்து இழுக்கட்டும். நம்ம ஊட்டுல. இழுத்து, கொப்பளிச்சு, காப்பி."

நாம் இரண்டு பேரும் அவளைப் பார்த்தோம். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா சாமியாரைத் தொந்தரவு செய்தோம் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ஆனா நான் இன்னும் படிச்சு முடிக்கல. டாக்டரு பாத்து சரின்னு சொல்லணும்" என்றாள். அந்த வார்த்தைக்காக அவளுக்கு அன்று இரண்டு வடை கூடப் போட்டேன்.

டாக்டர் உன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வெள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். "கொப்பளிக்குறேன்னு சொன்னீங்களே அம்மா?" என்றார்.

"எப்பன்னு நீங்க கேக்கலியே, முஸ்யே."

மலர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். டாக்டர் நாற்காலி குலுங்கச் சிரித்தார். பூசைக்குப் பிறகு என்றால் தாராளமாகச் சரி என்றார். அப்போதுதான் இந்தச் சுரைக்காயையும் கொடுத்தார். இதில் அடித்து இழுத்தால் மருந்து தொண்டையில் மோதாமல் உள்ளே இறங்குமாம். நீ அவரை லேசில் விடவில்லை. "இது ஸ்டீராய்டாமே? ஒடம்பு ஊதிடும்னு சொல்றாங்களே?" என்றாய். அவர் மலரைப் பார்த்து, நீயே சொல் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"மாத்திரையா ரொம்ப நாள் முழுங்குனா ஒடம்பெல்லாம் சுத்தி வரும். அதுதான் பயம். இது கொஞ்சூண்டு. மூச்சுக்குழாய்க்கு நேரா போவுது" என்றாள் மலர்.

"ஊரச் சுத்தாம நேர் லைன்னு சொல்லு" என்றாய் நீ. டெலிபோன் ஆபீஸ்காரிக்கு விளங்கிவிட்டது.

அன்றைக்கு மறுநாள் செங்கல் நிறப் பம்பும் சுரைக்காயும் என் மேல்தட்டுக்குக் குடிவந்தன.

அந்த ஆடி மாதம் போல ஒரு மாதம் எனக்கு இனி வராது. பூசை முடிந்து நீ வருவாய். நான் ஃபில்டரில் டிகாஷன் இறங்க வைத்துவிட்டு, பின்பக்கம் ஒரு சொம்பு தண்ணீர் வைத்திருப்பேன். மலர் வாத்தியாரம்மா மாதிரி நிற்பாள். "குலுக்குங்க. மூச்ச வெளிய உடுங்க. வாய நல்லா மூடிப் புடிங்க. ஒரு அழுத்து. இப்ப மெதுவா, மெதுவா இழுங்க… புடிச்சு வைங்க." நீ கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டி என்னைப் பார்ப்பாய். நான் சிரித்தால் நீயும் சிரித்துவிடுவாய். மருந்து வீணாகும். "ஆயா, நீ வெளிய போ" என்று மலர் என்னை என் வீட்டுச் சமையல்கட்டிலிருந்தே விரட்டுவாள்.

பிறகு கொப்பளிப்பு. அதை நீ சும்மா செய்வாயா? தலையை அண்ணாந்து, தொண்டையில் தண்ணீரை நிறுத்தி, கொளகொளவென்று உன் பிரெஞ்சுப் பாட்டையே கொப்பளிப்பாய். முதல் வாரம் மெட்டு அடையாளமே தெரியவில்லை. தவளை கத்தியது. அடுத்த வாரம் பாதி தெரிந்தது. எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று, நீ கொப்பளித்த சத்தத்தைக் கேட்டு அடுத்த வீட்டுப் பெண் மதில் மேல் எட்டிப் பார்த்து, "மதாம், அந்த ஏத்தம் வந்துடுச்சு போலக்குதே!" என்றாள். நீ தண்ணீரைத் துப்பிவிட்டு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டாய். அன்று காப்பிக்குப் பதில் கூழ்தான் குடித்தாய், இரண்டு சொம்பு.

நீலம் கைப்பைக்குள்ளேயே தூங்க ஆரம்பித்தது. தம்ளர் தாளம் போடுவது நின்றது. ஒருநாள் விடியலில் எதிர் வீட்டிலிருந்து காய்கறிக்காரனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டுப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவனே வண்டியை நிறுத்திவிட்டு, "மதாம் வந்துட்டாங்க!" என்றான்.

பாட்டுக்குழு வாத்தியாரை நீ கூப்பிட்டு அனுப்பவில்லை. நீயே ஒத்திகைக்குப் போய் நின்றாயாம். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மைக் போடட்டுமா மதாம்?" என்று கேட்டாராம். "உங்களுக்குக் காது கேக்கலன்னா போட்டுக்குங்க" என்றாயாம். இதை நீ சொன்னபோது மலர் சிரித்துச் சிரித்து அவளுக்கே மூச்சு முட்டியது.

திருநாள் அன்று தெருவெல்லாம் கொடியும் தோரணமும். கோயிலில் ஊதுபத்தியும் மல்லிகையும் மெழுகுவர்த்தியும் சேர்ந்த வாசனை. புகை உனக்கு ஆகாதே என்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மலர் முன்பே யோசித்து, தூபம் போடுகிற இடத்துக்குத் தள்ளி, ஜன்னல் ஓரம் உன்னை நிற்க வைத்திருந்தாள். நீலத்தைக் கைக்குட்டைக்குள் சுற்றி உன் கையில் கொடுத்திருந்தாள். நானும் அவளும் கடைசி பெஞ்சு.

நீ எழுந்தாய். ஆரம்பித்தாய். கோயில் அப்படியே அடங்கியது. பழைய குரல் இல்லை, உண்மையைச் சொல்கிறேன். கொஞ்சம் மணல் கலந்த குரல். ஆனால் நடு இடம் வந்தது. ஏறினாய். ஏறி நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். இதோ உடையும், இதோ இருமல் வரும் என்று நான் மலரின் கையைப் பிடித்தேன். அவள் வலிக்கிறது என்று முனகினாள். உடையவில்லை. நீயாக, உனக்கு வேண்டிய நேரத்தில், மெதுவாகக் கீழே இறங்கினாய். கைக்குட்டையைப் பிரிக்கவே இல்லை.

பூசை முடிந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, நான் மூச்சு வுட்டுட்டேன். நீ எப்ப வுடப் போற?" என்றாய். அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அந்த வருடம் மலர் மருந்துப் பாடத்தில் தேறினாள். வாய்மொழித் தேர்வில் இதே பம்பைப் பற்றிக் கேட்டார்களாம். நோயாளியிடம் கொப்பளிக்கிறீர்களா என்று கேட்டால் போதாது, எப்போது என்று கேட்க வேண்டும் என்றாளாம். எங்கே படித்தாய் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டில் என்றாளாம். அதைக் கேட்டு நீ கடைத்தெருவுக்குப் போய், கத்தோ என்று நீ சொல்லும் கேக் வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தாய். அவள் பாஸானதற்கு நான் பெருமைப்பட்டதா, நீ பெருமைப்பட்டதா அதிகம் என்று நாம் போட்ட சண்டை இன்னும் தீரவில்லை. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்குப் பிறகும் பல ஆகஸ்டு நீ பாடினாய். போன மழைக்காலத்தில் ஒருநாள் பூசை முடிந்ததற்கான மணி அடித்தது. டிகாஷன் இறங்கியது. சொம்பு வைத்திருந்தேன். நீ வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய். இழுப்பால் இல்லை, மலர் டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் அழவே ஆரம்பித்தாள். உன்னைக் கொண்டுபோகும்போது பாட்டுக்குழு உன் பாட்டைத்தான் பாடியது. மைக் போடாமல். அந்த ஏற்றத்துக்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள், அக்கா. உனக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

இன்று சாயங்காலம் மலர் சொன்னபடி திரும்பி வந்தாள். நான் கேட்டேன். "இத வெச்சுக்கிட்டு அங்க இன்னாடி சொல்லித் தருவ?"

"குலுக்கு, இழு, புடி, எல்லாருக்கும் அதுதான். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேப்பேன். காலையில உங்க வாயில முதல்ல தண்ணி எப்ப படும்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "ஒருத்தரு நோன்பு மாசத்துல பகல் மருந்தையே நிறுத்திட்டாரு. விடியறதுக்கு முன்னாடி சாப்புடுற சஹர் நேரத்துக்கும் நோன்பு தொறக்குற நேரத்துக்கும் மாத்திக்குடுத்தாங்க டாக்டரு. ஒரு அம்மா துளசிக்குத் தண்ணி ஊத்தாம வாய நனைக்க மாட்டாங்களாம். கனகசெட்டிக்குளத்துலேர்ந்து ஒரு கடலுக்குப் போறவரு. படகுலயே இழுத்துட்டு, கடல் தண்ணியில கொப்பளிக்குறேன்னாரு ஆயா! நல்ல தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போங்கண்ணேன்னு சொல்லி அனுப்புனேன். கேக்காம இருந்தா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க, மதாம் ஆயா மாதிரி."

உன் பெயர் தெரியாத கடல்காரர் ஒருவர் உன்னால் நல்ல தண்ணீரில் கொப்பளிக்கிறார், அக்கா. இதற்கு மேல் உன்னிடம் என்ன அனுமதி கேட்பது?

"எடுத்துக்கோ. ஆனா இரு, கழுவித் தரேன்" என்றேன். சோப்புத் தண்ணீரில் அலசினேன். துணியால் துடைக்கக் கூடாது, தானாகக் காய வேண்டும் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் நானே சொன்னேன். இரண்டு பாதியையும் காப்பி ஃபில்டருக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தோம். காலையில் எடுத்துப் போகிறேன் என்றாள்.

இந்தக் கடைசி வரிகளை மறுநாள் காலையில் எழுதுகிறேன். மலர் சுரைக்காயைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். தட்டில் டப்பாவுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது. பரவாயில்லை. அங்கே இருந்தது வேலைக்குப் போயிருக்கிறது.

எனக்கு இழுப்பு இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் நீ போனதிலிருந்து, பூசை முடிகிற மணி அடிக்கும்வரை நான் காப்பி குடிப்பதில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போகிறேன். தலையை அண்ணாந்து உன் பாட்டைக் கொப்பளிக்கிறேன். வார்த்தை தெரியாதவளுக்கு வசதியான முறை இதுதான். அந்த ஏற்றத்துக்கு ஏறும்போது மட்டும் தண்ணீர் மூக்கில் ஏறிவிடுகிறது. தும்முகிறேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஆயா, இன்னிக்கும் வரலியா?" என்று குரல் வருகிறது.

"நாளைக்கு வந்துடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறேன். அதற்குப் பிறகுதான் காப்பி.